கீரை ஸ்மூத்தி கசக்காமல், பழுப்பாகாமல், நார் தட்டாமல் வர என்ன செய்வது?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஒரு மாதமாகக் காலையில் கீரை ஸ்மூத்தி போடுகிறேன். ஒரு கட்டு பாலக், ஒரு ஆப்பிள், இரண்டு ஏலக்கிப் பழம், ஒரு மேசைக்கரண்டி தேன், தண்ணீர் எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாகப் போட்டு அரைக்கிறேன். நார் நாராக வருகிறது, நுரை கட்டுகிறது, கால் மணி நேரத்தில் நிறம் பழுப்பாகிறது. சில நாள் கசக்கவும் செய்கிறது. வடிகட்டலாமா? கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாமனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்தது. அவர்களுக்கும் கொடுக்கலாமா?"

முதலில் மாமனார் விஷயம். அவருக்கு நாளையிலிருந்தே பாலக்கை நிறுத்திவிடுங்கள். ஸ்மூத்தி குடித்து முடித்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், சுண்ணாம்பு பூசினாற்போல் சொரசொரவென்று இருக்கும். அது பாலக்கில் உள்ள ஆக்ஸலேட்டின் வேலை. இதே ஆக்ஸலேட் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்தால் கல். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். வேலூர் வெயிலில் உடம்புத் தண்ணீர் வியர்வையாகவே போய்விடுகிறது. சிறுநீர் கெட்டிப்படும்போது கல் இன்னும் சுலபமாக உருவாகும். பாலக்குக்குப் பதில் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை போடலாமே என்று நினைக்காதீர்கள், அவற்றிலும் ஆக்ஸலேட் அதிகம்.

மற்றவர்களுக்கும் ஒரு கட்டைப் பச்சையாக அரைத்துத் தினமும் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் கீரை கடைவதற்கும் பொரிப்பதற்கும் வளர்க்கும் பொருள். வெந்துதான் வாய்க்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அதற்கு எந்தத் தண்ணீரும் பாய்கிறது. சாக்கடை கலந்த தண்ணீர் பாய்ந்த இலையைப் பச்சையாக அரைத்தால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் டம்ளரிலேயே வந்துவிடும். உப்பிலும் மஞ்சளிலும் ஊறவைப்பது கிருமியை முழுதாகக் கொல்லாது. கொதிநீர் கொல்லும்.

கீரை எங்கே விளைந்தது என்பதையும் கேளுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுத் தண்ணீரும் நிலமும் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. அந்தக் கழிவிலிருந்து செடி வேர்வழி இழுத்துக்கொண்ட உலோகத்தை எத்தனை முறை அலசினாலும் எடுக்க முடியாது. உழவர் சந்தையில் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். "எந்த ஊர், என்ன தண்ணீர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.

இனி செய்முறை. இது இரண்டு டம்ளருக்கான அளவு. தண்டு கிள்ளிய இலை 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி. ஒரு கொய்யா, அரை வெள்ளரிக்காய், புதினா பத்து இலை, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, இரவே ஊறவைத்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி, தயிர் அரை டம்ளர், ஒரு சிட்டிகை உப்பு. கீரையை வாரம் முழுக்க மாற்றுங்கள். ஒரு நாள் பாலக், ஒரு நாள் முருங்கை, ஒரு நாள் கொத்தமல்லியும் புதினாவும் மட்டும்.

கீரையை அகலமான பாத்திரத்தில் மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒவ்வொரு முறையும் இலையைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மணல் திரும்ப இலைமேலேயே வந்து உட்காரும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலையைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து ஒரு நிமிடம். முருங்கைக்கு இரண்டு நிமிடம். உடனே எடுத்துக் குளிர்ந்த குடிநீரில் போட்டுப் பிழிந்தால் எலுமிச்சை அளவு உருண்டை கிடைக்கும். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், கரையும் ஆக்ஸலேட்டில் கணிசமான பங்கு அதில் போய்விடுகிறது. கூடவே கொஞ்சம் வைட்டமின் சி போவது உண்மைதான். ஆனால் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஈடுகட்டிவிடும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அதுவே உதவும். கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) சேரக் கொழுப்பு வேண்டும், வேர்க்கடலை அதற்குத்தான்.

நார் ஏன் வருகிறது என்றால், ஆரம்பத்திலேயே தண்ணீர் ஊற்றிவிடுகிறீர்கள். தண்ணீர் அதிகமானால் இலை பிளேடில் படாமல் தண்ணீரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். நம் மிக்ஸி சட்னிக்காகச் செய்தது, அதன் வழிக்கே போங்கள். சின்ன ஜாரில் கீரை, புதினா, இஞ்சி, வேர்க்கடலையை மூன்று மேசைக்கரண்டி தண்ணீருடன் போட்டு, நாலு முறை விட்டு விட்டு ஓட்டி, பிறகு 40 வினாடி அரையுங்கள். ஓரத்தை வழித்துவிட்டு இன்னொரு 30 வினாடி. விரலில் தேய்த்தால் திப்பி தட்டக் கூடாது. அதன் பிறகு பெரிய ஜாருக்கு மாற்றி, கொய்யாவும் தோல் சீவிய வெள்ளரியும் அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து அரைக்கலாம். கொய்யாவின் விதைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள், அந்த விதை எந்த மிக்ஸியிலும் மசியாது. தயிர் கடைசியில், ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் ஓட்டினால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும்.

இப்படி அரைத்தால் வடிகட்டும் தேவையே வராது. வடிகட்டக் கூடாது என்றுதான் சொல்வேன், நார் போனால் மிஞ்சுவது பச்சை நிறச் சர்க்கரைத் தண்ணீர்.

நுரைக்குக் காரணம் காற்று. ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஊற்றிய டம்ளரை மேசைமேல் இரண்டு தட்டு தட்டி, இரண்டு நிமிடம் வைத்தால் அடங்கிவிடும். மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரை, வைகாசியில் சூடாகவே இறங்கும், மண்பானைத் தண்ணீர் நல்லது. சின்ன ஜாரில் ஐஸ் கட்டி போட வேண்டாம், பிளேடு மழுங்கும். நடுவில் மிக்ஸி நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

பழுப்பு நிறம் பெரும்பாலும் ஆப்பிளாலும் வாழைப்பழத்தாலும். நறுக்கிய ஆப்பிள் கறுக்கிறதே, அதே நொதி, அதே காற்று. இரண்டையும் எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எலுமிச்சை பிழிவதானால் குடிக்கும் நேரத்தில் டம்ளரில் பிழியுங்கள். முன்கூட்டியே பிழிந்து வைத்தால் புளிப்பு பச்சையத்தை மெல்ல மெல்ல மங்கலாக்கிவிடும்.

கசப்பு முற்றின இலையிலிருந்தோ, எலுமிச்சை விதை சேர்ந்து அரைபட்டோ வரலாம். வெள்ளரியும் சுரைக்காயும் வேறு விஷயம். ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. தேன் ஊற்றிக் கசப்பை மறைத்துக் குடிக்கும் பழக்கம் இதனால்தான் ஆபத்து.

கணவருக்கு வருகிறேன். ஒரு ஆப்பிளில் 15 முதல் 20 கிராம் சர்க்கரை, இரண்டு ஏலக்கிப் பழத்தில் ஏறக்குறைய அதே அளவு, ஒரு மேசைக்கரண்டி தேனில் 17 கிராம். உங்கள் ஜாரில் 50 கிராம் வரை ஓடிக்கொண்டிருந்தது. மேலே சொன்ன அளவில் அவர் பங்குக்கு அரைக் கொய்யாதான், ஐந்தாறு கிராம். டிபனோடு ஒரு டம்ளர் கொடுங்கள். டிபன் முடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாள் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டால் உங்களுக்கே தெளிவாகிவிடும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. முன்னவர்களுக்குப் பொட்டாசியம் தொந்தரவு, பின்னவர்களுக்குக் கீரையின் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

அரைத்ததை அரை மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். காலையில் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையே கீரையை வேகவைத்துப் பிழிந்து, உருண்டை உருண்டையாக ஃப்ரீசரில் வைக்கலாம், இரண்டு வாரம் தாங்கும். மாமனாருக்குத் தனியாக ஒரு டம்ளர் செய்யுங்கள்: வெள்ளரிக்காய், கொஞ்சம் கொத்தமல்லி, இஞ்சி, மோர், கடைசியில் அரை மூடி எலுமிச்சை. உப்பு வேண்டாம்.