பழைய கால கால்பந்தின் முரட்டு டிஃபெண்டர்கள் திறமைசாலிகளா, வெறும் அடிதடிக்காரர்களா?

அடிதடி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆடத் தெரியாதவர்கள்தான் அடித்தார்கள் என்று நினைத்தால் தப்பு. லீட்ஸ் அணியின் நார்மன் ஹன்டர், "நார்மன் காலைக் கடிப்பான்" என்று சொந்த ரசிகர்களே பேனர் பிடித்த ஆள். இங்கிலாந்தில் வீரர்கள் சங்கம் 1974இல் முதன்முறையாக ஆண்டின் சிறந்த வீரர் விருது கொடுத்தபோது வென்றவர் அவர்தான். ஓட்டுப் போட்டது சக வீரர்கள், அதாவது அவரிடம் அடி வாங்கியவர்களும் சேர்த்து.

அவர்கள் விதிகளின் இடுக்கை நன்றாக அறிந்தவர்கள். பின்னாலிருந்து செய்யும் டேக்கிளை, அதாவது காலை விட்டுப் பந்தைப் பறிக்கும் முயற்சியை, அன்று நடுவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டத்தின் முதல் ஃபவுலுக்கு எச்சரித்துப் பெயரைக் குறிப்பதும் அபூர்வம். அதனால் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு அடி. அதற்குப் பிறகு விங்கர், அதாவது ஓரமாக ஓடித் தாக்கும் வீரர், பந்தை வாங்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்றுதான் பார்ப்பார்.

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையின் 1970 இறுதியாட்டம் இதற்குச் சரியான உதாரணம். வெம்ப்ளி மைதானத்தில் லீட்ஸும் செல்சியும் 2-2 என்று சமன். அங்கே லீட்ஸ் விங்கர் எடி கிரே, செல்சியின் டேவிட் வெப்பைப் பாடாய்ப் படுத்திவிட்டார். ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம் வந்தபோது வெப்பை நடுவே நகர்த்தி, 'சாப்பர்' என்ற பட்டப்பெயர் கொண்ட ரான் ஹாரிஸை கிரேக்கு எதிரே நிறுத்தினார்கள். தொடக்கத்திலேயே முழங்காலுக்குப் பின்னால் ஓர் உதை. அதன்பின் கிரே பழைய கிரேயாக இல்லை. கூடுதல் நேரத்தில் தலையால் முட்டி வெற்றி கோல் போட்டவர் அதே வெப்! அந்த ஆட்டம் முழுக்க நடுவர் குறித்துக்கொண்டது ஒரே ஒரு பெயர். 1997இல் டேவிட் எலரே என்ற நடுவர் வீடியோவைப் பார்த்து, தன் காலத்து அளவுகோலில் 6 சிவப்பு அட்டை, 20 மஞ்சள் அட்டை என்று கணக்குச் சொன்னார்.

நேர்மையான முரட்டு டேக்கிள் வேறு வகை. ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், முழங்கால் மடங்கி, உடம்பின் எடை பந்துக்கு மேல், கணுக்கால் இறுகி, உள்பாதத்தால் பந்தின் நடுவில் மோத வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் அடிபடுவது நமக்குத்தான். பாதம் பந்துக்கு மேலே ஏறினால் பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்கள் எதிராளியின் கணைக்காலில் இறங்கும். கணைக்கால் காப்பு 1990 வரை கட்டாயம்கூட இல்லை.

இந்த வகையில் என் கணக்கில் முதலிடம் டோட்டனம் அணியின் டேவ் மெக்கேக்கு. இடது கால் இரண்டு முறை உடைந்து மீண்டவர். 1966 ஆகஸ்டில் அந்தக் காலிலேயே லீட்ஸின் பில்லி பிரெம்னர் உதைக்க, சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். உலகமே அறிந்த புகைப்படம். ஆனால் தன்னை வம்பனாகக் காட்டுகிறது என்று அவருக்கு அந்தப் படமே பிடிக்காது. அதே சீசனின் முடிவில், 1967 மே மாதம், கேப்டனாக எஃப்.ஏ. கோப்பையை வென்றார். எதிரணி கேப்டன் ரான் ஹாரிஸ்.