இங்கிலாந்தின் இடைக்கால நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை எப்படித் தேடுவது? அச்சில் கிடைக்கும் கொடிவழிப் பட்டியல்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் ஒரு தரப்பு வாக்குமூலத்தை நம்பும் அளவுக்கு மட்டுமே. 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் (குடும்பச் சின்னம் அணியும் உரிமையைச் சரிபார்த்த அரச அலுவலர்கள்) மாவட்டம் மாவட்டமாகச் சென்று, குடும்பத்தார் சொன்னதைக் கேட்டு எழுதியவைதான் அப்பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். தாத்தா வரையில் குடும்பத்தார் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேலே போகப் போக ஆசை கலந்துவிடும்.

நான் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் தேடிவருவது, நார்ஃபோக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரையே தாங்கிய பாஸ்டன் குடும்பத்தை (அமெரிக்க நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). தங்கள் முன்னோர் வுல்ஸ்டன் என்பவர் பிரான்சிலிருந்து வந்தவர் என்று அக்குடும்பத்தார் சொல்லிக்கொண்டார்கள். 1466ஆம் ஆண்டு மே மாதம் குடும்பத் தலைவரான ஜான் பாஸ்டன் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், இவர்கள் 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நடந்த நார்மன் படையெடுப்புக் காலந்தொட்டே உயர்குடியினர் என்று மன்னர் நான்காம் எட்வர்டின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆனால் வுல்ஸ்டன் என்பது பழைய ஆங்கிலப் பெயர். பிரான்சிலிருந்து வந்தவருக்கு அந்தப் பெயர் எப்படி வாய்த்தது என்ற ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அக்குடும்பத்தின் எதிரிகள் எழுதிவைத்த, கையெழுத்தில்லாத குறிப்பு ஒன்றும் இருக்கிறது. 1419இல் இறந்த கிளெமென்ட் பாஸ்டன் தம் நிலத்தைத் தாமே உழுதவர் என்றும், சேணமில்லாத குதிரையில் தானிய மூட்டையின்மேல் உட்கார்ந்து ஆலைக்குப் போனவர் என்றும், அவருடைய மனைவி அடிமைக்குடியில் பிறந்தவர் என்றும் அது சொல்கிறது. பகையால் எழுதப்பட்டது என்பதால் அடிமைக்குடிக் குற்றச்சாட்டை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆயினும், குடும்பத்தின் சொத்து பெருகியது மகன் வில்லியம் சட்டம் படித்து, 1429இல் நீதிபதியாகி, நிலங்களை வாங்கிச் சேர்த்த பிறகுதான் என்பதால், உழவரான அந்தத் தந்தையை நம்புவதே எனக்கு எளிதாக இருக்கிறது.

ஆகவே நிலத்தைப் பின்தொடருங்கள். தேவாலயப் பதிவேடுகள் 1538இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையவர்களுக்குப் பிறப்புப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், உள்ளூர்க்காரர்களைக் கூட்டி விசாரித்து, வாரிசு யார், வயது என்ன என்று பதிவுசெய்தார்கள். மகன் இல்லையென்றால் மகள்கள் எல்லாரும் கூட்டு வாரிசுகளாகப் பட்டியலில் வருவார்கள். வயதை மட்டும் கறாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். '21 வயதும் அதற்கு மேலும்' என்று எழுதப்பட்டவருக்கு நாற்பதுகூட இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1195 முதல் கிடைக்கும் நில உடன்படிக்கைகள். நிலம் கைமாறுவதை ஒரு வழக்குப் போல நடத்தி, முடிவை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைந்து நெளிந்த கோட்டில் வெட்டுவார்கள். மேலிருந்த இரண்டு துண்டுகள் இரு தரப்பாருக்கும், அடித்துண்டு நீதிமன்றத்துக்கும் போகும். பொய்த்துண்டு கொண்டுவந்தால் வெட்டு பொருந்தாது. கணவனும் மனைவியும் சேர்ந்து விற்ற நிலமானால் மனைவியின் பெயரும் அதில் இருக்கும் என்பதால், வேறெங்கும் காணாத பெண்களை நான் இங்கேதான் கண்டுபிடித்தேன்.

சறுக்கும் இடங்களும் உண்டு. லத்தீனில் 'நெபோஸ்' என்றால் பேரனும் ஆகலாம், உடன்பிறந்தாரின் மகனும் ஆகலாம். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால், நாம் 1477 பிப்ரவரி என்பதை அவர்கள் 1476 என்று எழுதியிருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவிழ்த்தது பெயர்தான். 1466இல் இறந்த ஜானுக்கு 1442இலும் 1444இலும் பிறந்த மூத்த மகன்கள் இருவருக்குமே ஜான் என்றுதான் பெயர். இருவரையும் ஒருவராகக் கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் நான் போட்ட படத்தைக் கிழித்தெறிய வேண்டியதாயிற்று. 'சர்' பட்டம் மூத்தவருக்கு 1463இல் கிடைத்தது, இளையவருக்கு 1487இல். எனவே இடைப்பட்ட காலத்துத் தாளில் 'சர் ஜான்' என்று கண்டால் அது மூத்தவர். அவர் திருமணமாகாமலேயே 1479இல் இறந்துவிட்டார். சொத்தும் வம்சமும் தொடர்ந்தது தம்பி ஜான் வழியாக.