‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்ற பிஸ்கட்டில் தேன்: வழக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட கேழ்வரகு பிஸ்கட்டை மூன்று மாதமாகத் தெருக்கடையில் வாங்கினோம். காலையில் நான்கு, மாலையில் நான்கு சாப்பிடுவார். சமீபத்திய பரிசோதனையில் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.1-லிருந்து 8.4-க்கு ஏறியிருக்கிறது. அதன் பிறகுதான் பின்பக்கம் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் மூன்றாவது தேன், ஐந்தாவது பேரீச்சம்பழ விழுது. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 19 கிராம். அடுத்த வரியில் ‘சேர்த்த சர்க்கரை 0’. நிறுவனத்தைக் கேட்டால் “தேன் இயற்கையானது” என்கிறார்கள். வழக்குப் போடலாமா? அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் அச்சிட வேண்டாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் எந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்குக்குக் கிளம்புகிறீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பிடித்திருக்கிறீர்கள். பிடிக்க வேண்டியது பிஸ்கட் உறையை.

பரிசோதனை அறிக்கையை வைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் அம்மாவைத்தான் குறுக்கு விசாரணை செய்வார். மாத்திரை ஒருநாளும் தவறவில்லையா, மாம்பழக் காலத்தில் மாம்பழம் சாப்பிடவில்லையா, எத்தனை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்பார். எட்டு பிஸ்கட் 80 கிராம் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை உள்ளே போயிருக்கிறது. அது குறைவில்லை. ஆனாலும் அந்த ஏற்றம் முழுவதும் பிஸ்கட்டால்தான் என்று நிரூபிக்க மருத்துவர் எவரும் கூண்டேற மாட்டார்.

உறையை வைத்தால் வாதம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணவுப் பொருள்களின் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒழுங்குமுறைகள் வகுத்தது. ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுத வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. அந்த வகைகளில் தேன் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. சர்க்கரைக்குப் பதிலாக உலர்பழ விழுது போன்றவற்றைச் சேர்ப்பதற்கும் தடை உண்டு. ஆக, ‘இயற்கையானது’ என்ற பதில் தொலைபேசியில் எடுபடலாம், நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. உறையின் முன்பக்கத்தைப் பின்பக்கமே பொய்யாக்குவதால் ஆய்வகச் சோதனைகூடத் தேவைப்படாது. இவ்வளவு வசதியான வழக்கு எனக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. தவறான விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டையும் குற்றச்சாட்டாக வையுங்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் இழப்பீடு கேளுங்கள், உறையை மாற்றும்படி உத்தரவும் கேளுங்கள். பெரிய தொகை வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். தேனைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதை அவர்கள் எழுத்தில் சொன்னால் உங்களுக்குத்தான் லாபம்.

கூடவே உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கும் புகார் கொடுங்கள். உறையில் உள்ள 14 இலக்க உரிம எண், தொகுதி எண் (பேட்ச் எண்), தயாரித்த தேதி மூன்றையும் அதில் எழுதுங்கள். தவறான லேபிளுக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் மூன்று லட்சம் ரூபாய் வரையும், தவறான விளம்பரத்துக்கு 53-ஆம் பிரிவில் பத்து லட்சம் வரையும் அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. இந்த வழியில் பொதுவாக ஓராண்டுதான் வரம்பு, தள்ளிப் போடாதீர்கள்.

கடைக்காரரையும் சேர்க்க வேண்டுமா என்று அடுத்து யோசிப்பீர்கள். தவறான லேபிள் கொண்ட பொருளை விற்றவருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு. ஆனால் உறையில் என்ன அச்சிடுவது என்று முடிவு செய்தவர் அவரல்லர். அவரிடம் இழப்பீடு கேட்காமல், வாங்கியதற்குச் சான்றாக மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாளைக்கும் அதே கடையில்தான் பால் வாங்கப் போகிறீர்கள்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறைகள். தமிழையும் சேர்க்கலாம், கட்டாயமில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் அந்தக் கோபத்தை வைத்து இந்த வழக்கை நடத்த முடியாது. இருக்கிற அட்டவணையைப் படிப்பதும் எளிதில்லை. ஒரு பரிமாறல் என்று இரண்டு பிஸ்கட்டுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். தட்டில் எட்டு இருக்கும். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். அங்கே இனிப்புப் பானங்கள் வாங்குவது குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே 2022-ல், பொட்டலத்தின் முன்பக்கத்தில் உணவின் தரத்தை நட்சத்திரங்களால் காட்டும் குறியீட்டுக்கு வரைவு விதிகள் வந்தன. முன்பக்க எச்சரிக்கை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவும் போடப்பட்டது.

இன்னொன்று, அடுத்த பிஸ்கட் வாங்கும் முன். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுத 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு உட்பட்டே மைதாவும், மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடியும் கொட்டலாம். இரண்டும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், ஆனால் வழக்குக்கு இடம் தராது. அதனால் சர்க்கரை வரியோடு நிற்காமல் கார்போஹைட்ரேட் வரியையும் பாருங்கள்.

இன்றைக்கே அதே தொகுதி எண்ணில் ஒரு பொட்டலம் கிடைத்தால் பில்லுடன் வாங்குங்கள். பிரிக்காதீர்கள். எறும்பு ஏறாத டப்பாவில் வைத்து, எடுத்துக்கொண்டு வாருங்கள்.