கணக்கப்பிள்ளை பதில்கள்

கேள்வி: கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்திருந்தான். "சாமி அதிகம் கும்பிடுகிற நாடுகளில்தான் கொலை, வறுமை, கலவரம் எல்லாம் அதிகம். ஸ்வீடன், டென்மார்க்கில் சர்ச் பக்கமே யாரும் போவதில்லை, அவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆராய்ச்சியே வந்திருக்கிறது" என்றான். விளக்கேற்றப் போன என் மாமியார் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் கும்பிடறதாலதான் நாடு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இரண்டு நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. யார் சொல்வது சரி ஐயா?
– ஒரு வாசகி, கீழ்க்கோத்தகிரி

பதில்: முதலில் அந்தத் தீப்பெட்டியை எடுத்துப் பேரனையே விளக்கேற்றச் சொல்லுங்கள் அம்மா. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

அவன் படித்தது பொய் இல்லை. 2005-ல் கிரிகரி பால் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய தொழில் டைனோசர் படம் வரைவது. கிடைத்த எலும்பை வைத்துக்கொண்டு முழு மிருகத்தையும் ஊகித்து வரைகிறவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வசதியான 18 ஜனநாயக நாடுகளை எடுத்தார். ஒரு பக்கம் கடவுள் நம்பிக்கை, பிரார்த்தனை, சர்ச்சுக்குப் போவது. இன்னொரு பக்கம் கொலை, குழந்தை இறப்பு, பால்வினை நோய், பதின்வயதுக் கர்ப்பம். கட்டம் போட்டுப் புள்ளி வைத்துப் பார்த்ததில், பக்தியிலும் பிரச்சினையிலும் அமெரிக்கா தனியாக ஒரு மூலையில் போய் நின்றது. பத்திரிகைகளுக்கு நல்ல தலைப்பு கிடைத்தது.

அடுத்த வருடமே மறுப்புகளும் வந்துவிட்டன. 18 நாடு போதுமா, ஒற்றை அமெரிக்காவை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும், துப்பாக்கியையும் ஏழை பணக்கார இடைவெளியையும் கழித்துப் பார்க்க வேண்டாமா என்றெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். அப்புறம், டென்மார்க்கில் சர்ச் பக்கமே யாரும் போவதில்லை என்பதும் முழு உண்மை இல்லை. பத்தில் ஏழு பேர் இன்றும் அந்த நாட்டுத் திருச்சபையின் உறுப்பினர்கள், அதற்கு வரியும் கட்டுகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெஞ்சு காலி.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 31 வருடம் பிறப்பு, இறப்பு, காய்ச்சல், தடுப்பூசி என்று கணக்கு எழுதியவன். இரண்டு எண்கள் கைகோத்துக்கொண்டு ஏறினால், எது முன்னால் வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1974-ல் இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மா கையில் ஒரு பால்மா டின் இருந்தது. உள்ளே பால்மா இல்லை, பதுளையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண். மண்டபம் முகாமில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், டின்னை மட்டும் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டார். இந்த மலைக்கு வந்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வீடு கிடைத்த மூன்றாம் நாள், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் குழி தோண்டி டின்னோடு புதைத்து, மேலே மூன்று கல் நட்டு மஞ்சள் பூசினார். தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்னாலேயே எங்கள் லயத்துக்கு மாரியம்மன் வந்துவிட்டாள்.

தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா முதலில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிவார். ஏன் முடிய மாட்டார்? டாக்டர் ஒன்பது கிலோமீட்டர், சாமி பத்தடி. கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பக்கத்தில் துணை சுகாதார நிலையம் வந்தது. ராத்திரி கதவைத் தட்டினாலும் திறக்கிற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். 2008-ல் 108 வண்டியும் வந்தது. அதற்குப் பிறகு அம்மா மாறினார். முதலில் என்னைப் போன் போடச் சொல்வார், வண்டி வந்து சேர்வதற்குள் காசு முடிவார். சாமியை விடவில்லை, வரிசைதான் மாறியது.

இதையேதான் 2004-ல் பிப்பா நாரிஸ், ரொனால்டு இங்கிள்ஹார்ட் என்ற இருவர் பல நாடுகளின் கருத்துக்கணிப்புகளை வைத்துச் சொன்னார்கள். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எங்கே குறைகிறதோ, அங்கே வழிபாடும் தலைமுறை தலைமுறையாக மெலிகிறது என்றார்கள். ஸ்வீடன்காரருக்கு வேலை போனாலும் சோறு உண்டு, நோய் வந்தால் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. அமெரிக்கா அத்தனை பணக்கார நாடு, ஆனால் அங்கே ஒரு ஆபரேஷன் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். பயம் போகவில்லை, பக்தியும் போகவில்லை.

2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். அந்த நாட்டில் மத நம்பிக்கை பொதுவாகக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. நிலநடுக்கத்தில் அடிபட்டவர்கள் மத்தியில் மட்டும் அது கூடியதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நமக்கு இது புதிதா என்ன? 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்களே, அந்த வாரம் நிவாரண முகாமில் குளோரின் மாத்திரைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கோயில், பள்ளிவாசல், சர்ச் எதிலும் உட்கார இடம் இல்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் கும்பிட்டதால்தான் மண் சரிந்தது என்று யாராவது சொல்வார்களா? உங்கள் மகன் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறான்.

ஆனால் என் அம்மா கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முதல் நன்கொடை எழுதுகிறவர் மூன்று மாடி வீடு கட்டியவர். அவருக்கு 108 வராதோ என்ற பயமா, கூலி போய்விடுமோ என்ற பயமா? 2021-ல் வெளியான பியூ என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் ஆய்வில், மதம் தங்கள் வாழ்க்கைக்கு மிக முக்கியம் என்று சொன்ன இந்தியர்கள் நூற்றுக்கு 84 பேர். தெற்கே 69. வருமானம் இத்தனை ஏறியும் 84 பேர். பயத்தைத் தவிர வேறு ஏதோவும் மனிதனைக் கோயிலுக்கு இழுக்கிறது. கௌரவமாக இருக்கலாம், அழகாக இருக்கலாம், சும்மா பழக்கமாகவும் இருக்கலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள், அவர் விளக்கால் நாடு கெடவில்லை. மகனிடம் சொல்லுங்கள், பாட்டி ஏன் இத்தனை விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது என்று ஒருநாள் அவரிடமே கேட்கச் சொல்லி.

கேள்வி: யாகம் நடத்தினால் மழை வருகிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: எந்த மாதம் நடத்துகிறீர்கள்? காய்ந்து கருகி, இனித் தாங்காது என்ற பிறகு, மே கடைசியில். உங்கள் ஊருக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை. எங்கள் கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசியில்தான். இங்கே வந்து மே மாதம் யாகம் நடத்திப் பாருங்கள், ஐயருக்குக் கொடுத்த தட்சணையைத் திருப்பிக் கேட்பீர்கள்.

கேள்வி: 2022-ம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையைப் பார்த்தேன். தற்கொலை, லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் 25-க்கும் மேல். நாட்டின் சராசரி 12.4. பீகாரில் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. பகுத்தறிவு பேசிப் பேசிக் கடவுளை மறந்ததன் விலைதானே இது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

பதில்: சார், ஒரு வருடம் என் எல்லையில் இருந்த ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறப்பே இல்லை. பதிவேட்டில் பூஜ்யம். மேலதிகாரி, "குடும்பக் கட்டுப்பாடு பிரமாதம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். மூன்று வருடம் கழித்து அந்த ஹட்டி அங்கன்வாடிக்குப் போனேன், ஒன்பது குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றுகொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன? கோத்தகிரியிலும் கோவையிலும் பிறந்தவை. 1969-ம் வருடச் சட்டப்படி, பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஒன்பது பிள்ளைகளை என் நோட்டுப் புத்தகம் விழுங்கிவிட்டது.

தற்கொலைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஒரு சாவு அந்தப் பெயரில் எண்ணப்பட வேண்டுமென்றால் யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், போலீஸ் வர வேண்டும், பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும், வீட்டார் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதோ அங்கே எண்ணும் பெரிதாகத் தெரியும். பீகாரில் அவ்வளவு பேர் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1897-லேயே பிரான்சில் எமில் துர்க்கைம் இந்த வழியில் போனார். புராட்டஸ்டன்ட் பகுதிகளில் தற்கொலை அதிகம், கத்தோலிக்கர்களிடம் குறைவு, காரணம் கத்தோலிக்கர்களின் இறுக்கமான கூட்டு வாழ்க்கை என்றார். சமூகவியலுக்கே அஸ்திவாரம் போட்ட புத்தகம் அது. நூறு வருடம் கழித்து நெதர்லாந்தின் பழைய இறப்புப் பதிவேடுகளைக் கிளறியவர்கள், கத்தோலிக்கர்களின் தற்கொலைகளில் ஒரு பகுதி 'திடீர் மரணம்', 'காரணம் தெளிவில்லை' என்ற தலைப்புகளில் போய் ஒளிந்திருக்க வேண்டும் என்றார்கள். கல்லறையில் இடம் மறுக்கப்படுமே என்ற பயம். துர்க்கைமையே ஏமாற்றிய பதிவேடு நம்மை விடுமா?

அதற்காக நம் எண் வெறும் பதிவுக் கோளாறு என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். கடன், குடி, சொல்ல முடியாத வீட்டுச் சண்டை, இவை இருக்கின்றன. ஆனால் இறந்தவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன் சார். எல்லா வீட்டிலும் பூஜை அலமாரி இருந்தது. யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள்.

கேள்வி: நாட்டுக் கணக்கை விடுங்கள். பக்தி வந்தால் குடி நிற்குமா, நிற்காதா?
– ஒரு வாசகி, அரவேணு

பதில்: நிற்கும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

எங்கள் தெருவில் ஒருவர் மரம் ஏறிக் கிளை கழிக்கிற வேலை செய்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை, எட்டு மணிக்குச் சத்தம், ஒன்பது மணிக்கு மனைவி எங்கள் வீட்டுத் திண்ணையில். வருடம் முழுக்க இப்படி. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிட்டால் ஆளே வேறு. விடியற்காலை நாலரை மணிக்கு, இந்தக் குளிரில், பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும். மனைவி அவரை "சாமி" என்கிறார். அவரும் மனைவியையும் பிள்ளைகளையும் "சாமி" என்கிறார். "சாமி, டீ போடட்டுங்களா?" என்று கேட்டு "போடுங்க சாமி" என்ற பதில் அந்த வீட்டிலிருந்து வந்தபோது நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

சுகாதாரத் துறைக்காரன் கண்ணால் பார்த்தால் இதில் அற்புதம் குறைவு, ஏற்பாடு அதிகம். ஆறு மணி முதல் எட்டு மணி வரை பஜனை, அதாவது கடைக்குப் போகிற அதே நேரம் நிரம்பிவிடுகிறது. மாலை போட்டவருக்கு ஊற்றிக்கொடுக்க எந்தக் கூட்டாளிக்கும் கை வராது. தெருவே அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து லயத்தில் ஜெபக் கூட்டத்துக்குப் போகிற நாலைந்து குடும்பங்களில் ஆண்கள் குடியை அடியோடு விட்டார்கள். அவர்களுடைய கூட்டம் ஒரு மண்டலத்தோடு முடிவதில்லை, வாரம் மூன்று நாள் கூடுகிறார்கள், பத்து வருடமாக.

இங்கேதான் கீழ்க்கோத்தகிரி அம்மாவின் மகன் கவனிக்க வேண்டும். பக்தியுள்ள ஆள் குடிக்காமல் இருக்கலாம், அதே சமயம் பக்தி மிகுந்த நாட்டில் குடியும் கொலையும் அதிகமாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகும். 1950-ல் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் குடியேறிய மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. ஆளாளாக எண்ணிப் பார்த்தால் அவர்கள்தான் எழுத்தறிவில் பின்தங்கியவர்கள். படிப்பும் வேலையும் இருந்த மாநிலங்களைத் தேடி அவர்கள் போயிருந்தார்கள், அவ்வளவுதான். கூட்டத்தின் கணக்கை ஆள் மேல் ஒட்டினால் இப்படித்தான் தப்பும்.

சரி, அந்த மரம் ஏறுகிறவர். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்குத்தான் மனைவிக்குப் பயம். போன வருடம் அந்த அம்மா ஒரு வேலை செய்தார். மாலை கழன்ற பிறகும் "சாமி" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. "சாமி, ரேஷனுக்குப் போங்க." "சாமி, பையனுக்கு நோட்டு வாங்கணும்." கணவருக்கும் கடை வாசலில் கால் கூசியிருக்க வேண்டும், பொங்கல் வரை தாக்குப்பிடித்தார். இந்த வருடம் சிவராத்திரி வரை இழுத்துப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நாங்களும் அவரை சாமி என்றே கூப்பிட வேண்டுமாம்.