டயட்டில் இருக்கும்போது வாரம் ஒரு முறை ஆசைப்பட்டதைச் சாப்பிட்டால் எடை குறைவது நின்றுவிடுமா?

நிற்காது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒரு வேளை மட்டும். நாள் முழுக்க வேண்டாம். நானும் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கும் ஆள்தான், இப்படித்தான் செய்கிறேன்.

உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறவர் ஆறு நாளில் 3,000 கலோரி மிச்சம் பிடிக்கிறார். ஏழாம் நாள் ஒரு வேளையில் மட்டும் வழக்கத்தைவிட 700, 800 கலோரி கூடினால், அந்த மிச்சத்தில் முக்கால்வாசி அப்படியே நிற்கும். அதுவே காலையிலிருந்து இரவு வரை இனிப்பு, பொரித்தது, குளிர்பானம் என்று போனால் கூடுதலாக 3,000 கலோரியை எட்டுவது பெரிய விஷயமே இல்லை. மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. எண்ணெயில் பொரித்த பண்டம் கையளவு உள்ளே போனாலும் கணக்கு எகிறிவிடும். ஆறு நாள் வாயைக் கட்டியது ஒரே நாளில் போய்விடும்.

மறுநாள் காலையில் எடை மெஷின் ஒன்றரை கிலோ கூடக் காட்டினால் பயப்படாதீர்கள். ஒன்றரை கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் 11,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு வேளையில் அது நடக்கிற காரியமா? ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். குடலில் இருக்கும் சாப்பாட்டின் எடை வேறு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் வடிந்துவிடும். அதனால் மறுநாள் நான் மெஷின் பக்கமே போவதில்லை.

என்னைக் கேட்டால், ஆபத்து அதற்கு அடுத்த வேளையில்தான் இருக்கிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்து, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். "அதான் கெட்டுப்போச்சே, இனி என்ன" என்று கையை விட்டுவிடுகிற மனசு அது. டயட்டைக் குலைப்பது இந்த மனசுதான். அதற்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி கிடப்பதும் கூடாது. சாயங்காலம் பசி இரட்டிப்பாக வந்து நிற்கும்.

நான் செய்வது இதுதான். எந்த வேளை என்று முன்பே முடிவு செய்துவிடுவேன். அன்றைக்கு மற்ற வேளைகளை வழக்கம்போலச் சாப்பிடுவேன், காய்ந்த வயிற்றோடு போய் உட்கார மாட்டேன். ஐஸ்கிரீம் என்றால் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் முதல் ஸ்பூன். போனைத் தள்ளி வைத்துவிடுவேன். முதல் நாலைந்து ஸ்பூனில் குளிர்ச்சியும் வாசனையும் நாக்கில் அப்படி இறங்கும். போகப்போக வெறும் தித்திப்புதான் மிஞ்சும். அந்த இடம் வந்தது கவனித்துச் சாப்பிட்டால் தெரியும், படம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் தெரியாது. பிடித்ததை இப்படி நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்பதால்தான் மற்ற நாட்களில் என்னால் கட்டுப்பாடாக இருக்க முடிகிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இதைத் தொடங்குங்கள். சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல் வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டு, அப்புறம் அழுகிறவர்களுக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் எடையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமும் ஆகும்.