யார் முன்னால் மனம் திறப்பது?

வணக்கம் சார்,

எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. மனம் திறந்து பேசும் தைரியத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பிரெனே பிரவுன் எழுதிய 'டேரிங் கிரேட்லி' (பெரிதாகத் துணிதல்) புத்தகத்தைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். படித்தேன். பல இடங்களில் என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது. ஓரிடத்தில் அழுதும்விட்டேன். கடைசி அமர்வில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இங்கே இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். பதற்ற நோய்க்கு நான் மருந்து சாப்பிடுவதைச் சொன்னேன். கை தட்டினார்கள். "இதுதான் தைரியம்" என்றார் மேலாளர். அடுத்து வந்த மதிப்பீட்டில் அதே மேலாளர், "நெருக்கடியான வேலையை இவர் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு வரவேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது.

பிரவுன் சொல்வதெல்லாம் பொய்யா, இல்லை நான்தான் முட்டாளா? அந்தப் புத்தகத்தை இப்போது பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

கே.

*

அன்புள்ள கே.,

எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அதில் பெரும்பங்கு போகவேண்டிய இடம் வேறு.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சம்பவம் வரும், நினைவிருக்கிறதா? பிரவுனின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, தனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைத் தோழிகளிடம் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். இனி யாரையும் நம்பவே மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து அழுகிறாள். அந்த வகுப்பில் ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. பிள்ளைகள் ஒழுங்காக நடந்துகொண்டால் ஆசிரியை அதில் கோலிக்குண்டுகளைப் போடுவார், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார். பிரவுன் அதையே பிடித்துக்கொண்டு மகளிடம் பேசுகிறார். உனக்கு ஆதரவாக நின்றவர்கள், நீ சொன்னதை வெளியே விடாதவர்கள், இவர்களெல்லாம் உன் ஜாடியில் குண்டு போட்டவர்கள். ஜாடியை நிறைத்தவர்களிடம் மனம் திற.

உங்கள் கடிதத்தில் இருப்பது கிட்டத்தட்ட அந்தக் குழந்தையின் கதை. அதைப் படித்துவிட்டு வரச் சொன்னவர்களே உங்களை வட்டமாக உட்காரவைத்திருக்கிறார்கள். மேலாளர் அதுவரை எத்தனை குண்டு போட்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கத் தகுதி பெற்றவரிடம்தான் நம் கதையைச் சொல்ல வேண்டும் என்பதைப் பிரவுன் திரும்பத் திரும்ப எழுதுகிறார். எல்லை வகுக்காமல் எல்லாவற்றையும் கொட்டுவதை அவர் மனம் திறத்தல் என்றே ஏற்பதில்லை. தனக்குள் இன்னும் ஆறாத விஷயங்களைத் தான் மேடையில் பேசுவதில்லை என்கிறார். 2010இல் ஹூஸ்டனில் பேசி உலகப் புகழ் பெற்றாரே, அந்த உரையில் தான் நொறுங்கிப்போன காலத்தைச் சொன்னார் அல்லவா? ஓராண்டு மனநல ஆலோசனைக்குப் போய் அதைக் கடந்துவந்த பிறகே சொன்னார். அப்படியும் மறுநாள் காலை ஏன்தான் சொன்னோமோ என்று தவித்ததையும், மூன்று நாள் போல வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்ததையும் 2012இல் ஆற்றிய இன்னொரு உரையின் தொடக்கத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். ஆலோசனைக்குப் போய் வந்தவர், தானாக விரும்பி மேடை ஏறியவர், அவருக்கே இந்தப் பாடு. உங்களுக்குக் கிடைத்ததோ பக்கத்து நாற்காலிக்காரர் முடிப்பதற்குள் யோசித்துக்கொள்ளும் அவகாசம்.

ஆக, நிபந்தனைகள் புத்தகத்தில் இருக்கின்றன. பயிற்சியில் காணாமல் போய்விட்டன. அரை நாளில் கூட்டம் முடிந்து கைதட்டலும் கேட்க வேண்டும் என்றால் நிபந்தனைகள் இடைஞ்சல்தானே.

இதைச் சொல்லிப் பிரவுனை முழுதாக விடுவித்துவிட எனக்கு மனமில்லை. எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. புத்தகத்தின் தலைப்பு தியோடர் ரூஸ்வெல்ட் 1910 ஏப்ரலில் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலிருந்து வந்தது. குறை சொல்கிறவனுக்கு மதிப்பில்லை, களத்தில் இறங்கிப் புழுதியும் வியர்வையும் ரத்தமுமாக நிற்பவனுக்குத்தான் மதிப்பு என்று போகும் அந்தப் பகுதி. கேட்க எழுச்சியாகத்தான் இருக்கிறது. பேசியவர் யார்? ஏழரை ஆண்டுகள் அமெரிக்க அதிபராக இருந்து முந்தைய ஆண்டுதான் பதவியை விட்டு இறங்கியவர். களத்தில் அவர் விழுந்தாலும் அவருக்கு மதிப்பீடு எழுத மேலே ஒருவர் இல்லை. உங்கள் களத்தின் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் உங்கள் பதவி உயர்வில் கையெழுத்துப் போடுகிறவர். ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் மேலே இருப்பவருக்கு அது பெருமை, கீழே இருப்பவருக்கு அது கோப்பில் ஏறும் குறிப்பு. இந்த வித்தியாசத்தைப் பிரவுன் அறியாதவர் அல்ல, சமூகப்பணித் துறைப் பேராசிரியர். ஆனாலும் அவர் எழுத்தில் தைரியத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட அதன் விலைக்குக் கிடைப்பதில்லை.

அவருடைய ஆய்வு முறைக்கும் இதில் பங்கிருக்கிறது. கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1967இல் முன்வைத்த முறையைத்தான் அவர் பின்பற்றுகிறார். நிறையப் பேரிடம் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்தே கோட்பாட்டைக் கட்டுவது. மனிதர்கள் எதைப் பட்டு எப்படி உணர்கிறார்கள் என்று அறிய அருமையான முறை. மேலாளரிடம் நோயைச் சொன்னவர்களுக்கு அடுத்த ஆண்டு என்ன ஆனது என்று அறிய அது போதாது.

அவமான உணர்வைப் பற்றி எழுதும்போதுதான் அவர் உண்மையாகவே வலுவானவர். குற்றவுணர்வு நாம் செய்த காரியத்தை நோக்கிப் பாய்கிறது, அவமான உணர்வு நம்மையே நோக்கிப் பாய்கிறது என்ற பிரிவினை அவர் கண்டுபிடித்தது அல்ல. உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இலேயே இதை விரிவாக எழுதினார். பிறகு இன்னொரு உளவியலாளர் ஜூன் டாங்னி பல ஆண்டுகள் இதை அளந்து பார்த்தார். குற்றவுணர்வு வந்தவர் மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் முனைகிறார், அவமானத்தில் சிக்கியவர் ஒளிந்துகொள்கிறார் அல்லது பிறர் மேல் பாய்கிறார் என்பது அவர் ஆய்வுகளின் போக்கு. பிரவுன் செய்தது, ஆய்விதழ்களில் கிடந்த இதைச் சமையலறை மேசையில் பேசும் மொழிக்குக் கொண்டுவந்தது. சிறிய வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது உங்கள் கேள்வியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். "நான்தான் முட்டாளா?" நடந்தது ஒரு காரியம்: தவறான இடத்தில், தவறான ஆள் முன்னால், வற்புறுத்தலின் பேரில் ஒன்றைச் சொன்னீர்கள். அதற்கு வருந்தலாம், அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளலாம். அதை அப்படியே தூக்கி, நான் எப்படிப்பட்டவள் என்ற தீர்ப்பாக ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இந்தச் சங்கடத்தில் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், அலுவலகத்தில் மனம் திறக்கவே கூடாதா என்றால், அங்கே திறக்கவேண்டியது வேறு. நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மன்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகளின் எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தது. அவர்கள் அதிகம் பிழை செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். "இந்தக் கணக்கில் நான் தப்புப் பண்ணிவிட்டேன்", "இது எனக்குப் புரியவில்லை" என்று அடி வாங்காமல் சொல்ல முடிகிறதா? வேலையிடத்துக்கு வேண்டியது அதுதான். அதையும் மேலே இருப்பவர்தான் முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். உங்கள் மேலாளர் அந்த வட்டத்தில் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை.

அந்த மதிப்பீட்டுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். எந்த வேலையில், எப்போது நெருக்கடியைத் தாங்கவில்லை என்று இரண்டு வரி போதும். கோபம் வேண்டாம், நோயைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வேண்டாம். அவரிடம் உதாரணம் இருந்தால் அதைப் பற்றிப் பேசுங்கள். இல்லாவிட்டால், அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்பது காகிதத்தில் பதிவாகிவிடும். மேலே முறையிட வேண்டி வந்தால் உங்கள் கையில் அது இருக்கட்டும்.

அன்புடன்.