18,000 ரூபாயில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை ஒன்றரை வருடம் ஓட்டுவது எப்படி?

பெங்களூர் ஜீவன்பீமா நகரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐடி கம்பெனி ஒன்று கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர் அவர் கையில் இருக்கிறது. ஐ5-4590 பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், எச்டிஎம்ஐ உள்ள 1080பி மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஒன்றரை வருடத்தில் புது மெஷின் கட்டுவதாகத் திட்டம், அதுவரை வேலரண்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5, முடிந்தால் எல்டன் ரிங் ஆகிய கேம்கள் ஓட வேண்டும், பட்ஜெட் 18,000. கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டு போடுங்க, பவருக்கு கன்வர்ட்டர் நானே தர்றேன்" என்றார்களாம். இன்னொரு கடையில் "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஐ3-12100எஃப் செட்டா எடுங்க" என்றார்களாம், அதாவது பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும் புதுசாக. எதைக் கேட்பது என்று குழப்பம்.

இரண்டும் வேண்டாம், தம்பி. முதல் யோசனை உங்கள் மெஷினுக்கே ஆபத்து, இரண்டாவது உங்கள் பர்ஸுக்கு.

முதலில் அந்த 580 விஷயம். உங்கள் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள், 290 வாட் என்று இருக்கும். அதிலிருந்து வரும் ஒயர்களில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின்னோ 8 பின்னோ இருக்காது, ஏனென்றால் எக்ஸெல், அவுட்லுக் ஓட்டுவதற்காகக் கட்டிய மெஷின் இது. ஆர்எக்ஸ் 580-க்கு மட்டும் 185 வாட் வேண்டும். கடைக்காரர் தருகிறேன் என்ற கன்வர்ட்டர் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரை எடுத்து 8 பின்னாக மாற்றிக் கொடுக்கும். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்தான், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 8 பின் ஒயரில் இருந்து கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகிக் கருகிப்போன சாட்டா கனெக்டர்கள் பல இப்படித்தான் உண்டானவை. விண்டோஸில் சும்மா இருக்கும்போது எதுவும் தெரியாது, கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டும்போதும் தெரியாது, வீட்டில் இரண்டு மணி நேரம் விளையாடும்போதுதான் சூடேறும்.

அதோடு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 580-களில் நிறைய "2048எஸ்பி" வகை. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (படத்தை வரையும் குட்டிக் கணக்குப் பகுதிகள்) உண்டு, இதில் 2048, அதாவது உள்ளே இருப்பது அதற்குக் கீழான 570 கார்டின் அளவு, பெட்டியில் மட்டும் 580.

இரண்டாவது யோசனை தப்பில்லை, நேரம்தான் சரியில்லை. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்காக மெமரி ஆலைகள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியதில் டிடிஆர்5 மட்டுமில்லாமல் டிடிஆர்4-ம் சேர்ந்து ஏறியது. போர்டு, பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 என்று இப்போது வாங்கினால் 18,000 அதிலேயே கரைந்துவிடும், கார்டு வாங்கக் காசு மிஞ்சாது. அப்புறம் ஒன்றரை வருடம் கழித்து டிடிஆர்5 மட்டும் எடுக்கும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுக்குப் போகும்போது அந்த ரேமும் போர்டும் அங்கே பொருந்தாது. நீங்கள் இப்போது வாங்கும் சாமான் ஒன்று புது மெஷினுக்கும் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் விற்றால் பெரும்பகுதி காசு திரும்ப வர வேண்டும், அதுவும் இல்லையென்றால் போனால் போகட்டும் என்கிற அளவுக்கு மலிவாக இருக்க வேண்டும். இந்த மூன்றில் எதிலும் சேராத சாமானுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, கார்டுக்கு வருவோம். மதர்போர்டில் இருக்கும் நீள ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும். ஒயரே இல்லாமல் அந்த 75 வாட்டில் ஓடும் கார்டுதான் உங்களுக்கு. உங்கள் பிராசஸர் முழு வேகத்தில் 84 வாட், கார்டு 75, டிஸ்க்கும் மற்றதும் சேர்த்தாலும் 290-க்குள் நிம்மதியாக அடங்கும். என் சிபாரிசு செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. ஆனால் எல்லா 1650-ம் ஒன்றல்ல. ஃபேக்டரியிலேயே வேகம் ஏற்றிய சில மாடல்களில் 6 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள், அதை வாங்கினால் மறுபடி கன்வர்ட்டர் கதைதான். 1650 சூப்பர் என்பது 100 வாட் கார்டு, அதுவும் 6 பின் கேட்கும். ஆகவே விளம்பரத்தில் பெயரைப் பார்த்து முடிவு பண்ணாமல், கார்டின் மேல் விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கேளுங்கள், அங்கே சாக்கெட் எதுவும் இருக்கக் கூடாது. ஜிடிடிஆர்6 மெமரி உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள், ஜிடிடிஆர்5-ஐ விடக் கொஞ்சம் வேகம்.

1050 டிஐ மலிவாக வருகிறதே என்று கேட்பீர்கள். 2016-இல் வந்த கார்டு அது, அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் அப்டேட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 1650 அடுத்த தலைமுறை, அந்தக் கணக்கில் வராது. அதோடு 1050 டிஐ பெயரில் போலிகள் அதிகம், பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி கார்டில் பயாஸை மாற்றிப் பெயரை மட்டும் எழுதி விற்பார்கள். ஆர்எக்ஸ் 6400-ம் ஒயர் இல்லாமல் ஓடும்தான், ஆனால் அது நான்கே லேன், அதாவது போர்டோடு பேச நான்கே பாதை உள்ள கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் போட்டால் சரி, உங்களுடையது 3.0, வேகம் அடிபடும். விளையாடுவதை ரெகார்ட் பண்ண வேண்டுமென்றால் அதற்கான என்கோடரும் அந்தக் கார்டில் இல்லை, முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். இன்டெல் ஆர்க் பக்கமே போக வேண்டாம், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் எட்டும் வசதி) இல்லாத இந்த மாதிரி பழைய போர்டில் அது தடுமாறும்.

ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் 70 வாட், ஒயர் வேண்டாம். அது செகண்ட் ஹேண்டில் உங்கள் கைக்கு எட்டுகிற விலையில் வந்தால் 1650-ஐ மறந்துவிட்டு அதையே எடுங்கள். அதே பெயரில் 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு, 130 வாட், தனி பவர் ஒயர் கேட்கும். பெட்டியில் 3050 என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

கார்டு மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், பழைய மாதிரி போர்டில் இல்லை. அதற்கு எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளேபோர்ட்டோ தேவை, இந்தக் கார்டுகளில் விஜிஏ கிடையாது.

கார்டுக்கு 8,000 முதல் 9,000 வரை ஒதுக்குங்கள், அதைத் தாண்ட வேண்டாம். அடுத்தது எஸ்எஸ்டி, 500 ஜிபி, 2.5 இன்ச் சாட்டா, இது மட்டும் புதுசாக, பில்லோடு. எம்.2 என்விஎம்இ என்ற அதைவிட வேகமான எஸ்எஸ்டியை வாங்கச் சொல்வார்கள், இந்த 9020 அதிலிருந்து நேராக பூட் ஆகாது, குறுக்கு வழி உண்டு, அந்தத் தலைவலி உங்களுக்குத் தேவையில்லை. சாட்டாவே விநாடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், உங்கள் ஹார்டு டிஸ்க் 150-ஐத் தொட்டாலே பெரிது. ஜிடிஏவில் ஊருக்குள் வேகமாக ஓட்டும்போது ரோடு தாமதமாக முளைப்பது பெரும்பாலும் இந்த டிஸ்க்கால்தான். நாளைக்குப் புது மெஷினில் இதே எஸ்எஸ்டியை கேம் போடும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

ரேம் இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்3 1600, பழைய மெஷினில் இருந்து கழற்றி விற்பது போதும். எல்டன் ரிங் குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறது. இன்னொன்று, ஒரே ஸ்டிக் என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் பாதி வழிதான் திறந்திருக்கும், இரண்டு ஸ்டிக் போட்டால் முழுதும் திறக்கும், சிஎஸ் 2-இல் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மாட்டிய பிறகு சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து சேனல் "டூயல்" அல்லது "2 x 64-bit" என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்லாட்டை மாற்றிப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஏஎம்டி போர்டில் மட்டும் வேலை செய்யும் மலிவு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்குகள் புழக்கத்தில் உண்டு, உங்கள் இன்டெல் போர்டில் போட்டால் மெஷின் எழுந்திருக்காது. சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, இதே மாதிரி ஆபீஸ் மெஷினில் இருந்து கழற்றியதைக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டு வாங்கும்போது கையில் காசைக் கொடுக்கும் முன் "செக் மாடி கொடி" (செக் பண்ணிக் கொடுங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அவர்கள் டெஸ்ட் மெஷினில் மாட்டச் சொல்லுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளை ஓட்டினால் 1650-க்கு ஷேடர் எண்ணிக்கை 896 காட்ட வேண்டும். அப்புறம் கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் டெஸ்ட் கால் மணி நேரம். திரையில் புள்ளியோ கோடோ வந்தால், ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால், வேண்டாம். கார்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்குரூவைப் பாருங்கள், தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி என்று கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

விண்டோஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பிராசஸரை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஏற்றினால் வேலரண்ட் நின்றுபோகும், ஏனென்றால் 11-இல் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், உங்கள் மெஷினில் இருப்பது 1.2. விண்டோஸ் 10-லேயே இருங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை, அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு இந்த மெஷினில் பேங்க் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் வாங்கினால் வேலரண்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5-இன் பழைய லெகசி பதிப்பு நன்றாகவே ஓடும், சிஎஸ் 2 லோ செட்டிங்ஸில் ஓடும், ஸ்மோக் போட்டுப் பத்துப் பேரும் ஒரே இடத்தில் சுடும்போது கொஞ்சம் திக்கும். எல்டன் ரிங் செட்டிங்ஸை இறக்கி விளையாடலாம், 60 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 60 ஃப்ரேம்) நிலையாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சிஎஸ் 2-இன் அந்தத் திக்கலுக்கு மருந்து ஐ7-4790 பிராசஸர், ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும் எட்டு த்ரெட், உங்கள் போர்டில் அப்படியே உட்காரும். ஆனால் அதை இப்போது வாங்காதீர்கள். ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள், டாஸ்க் மேனேஜரில் சிபியு 100-இல் முட்டிக்கொண்டு கார்டு 60, 70-இல் சும்மா நின்றால் மட்டும் தேடுங்கள், 3,000-க்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள். மாற்றும்போது பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள். ஐ7 வாங்காவிட்டாலும் அந்த வேலையை இப்போதே செய்துவிடலாம், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய மெஷினில் பேஸ்ட் காய்ந்து பொருக்காகத்தான் இருக்கும்.